எங்கிருந்து எது வரை?

"போர் எத்தனை அடி?" என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். "முந்நூறு." கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த முந்நூறு அடி எதைக் குறிக்கிறது என்று இருவருமே நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒரே ஆழ்துளைக் கிணற்றில் நான்கு நீளங்கள் இருக்கின்றன. போர் வண்டிக்காரர் கணக்கில் 300 அடி. அவர் துளைத்த ஆழத்துக்குக் கூலி வாங்குகிறார். நிலத்தடி நீரை ஆராய்பவருக்கு அந்த எண் போதாது. தரையிலிருந்து தண்ணீர் நிற்கும் மட்டம் வரை அவர் அளப்பார். அது 120 அடி என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஓடத் தொடங்கியதும் மட்டம் இறங்கி 180 அடியில் நிலைக்கிறது. பம்பு தொங்குவதோ 240 அடியில். இந்த நான்கில் எதைப் பிடித்துக்கொண்டு பம்பு வாங்கப் போகிறீர்கள்?

பம்பு வாங்கப் பயன்படும் எண் 180. பம்பு 240 அடியில் இருப்பதால் 240 அடி தூக்க வேண்டும் என்பதில்லை. பம்புக்கு மேலே நிற்கும் 60 அடித் தண்ணீர் தன் அழுத்தத்தால் உதவுகிறது. தரைக்கு மேல் 20 அடி உயரத்தில் உள்ள தொட்டியில் நீர் விழுகிறது என்றால், மொத்தம் தூக்க வேண்டியது 200 அடி. அதாவது 61 மீட்டர். அதோடு குழாயின் உராய்வு இழப்பைச் சேர்த்தால் வருவதைத்தான் பொறியாளர்கள் 'ஹெட்' என்கிறார்கள். பெயர்த்தகட்டில் மீட்டரில் அச்சிட்டிருப்பதும் இதுதான். துளைத்த ஆழத்தைச் சொல்லிப் பெரிய பம்பாக வாங்கிவிட்டால், அது அளவுக்கு மீறி நீரை இழுக்கும். போரில் மட்டம் வேகமாக இறங்கும், மோட்டாருக்கும் சுமை கூடும், கைக்காசும் வீண்.

நீளம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆனால் ஒவ்வோர் அறிவியல் துறையும் தனக்கு வேண்டிய இடத்தில் தொடங்கி, தனக்கு வேண்டிய இடத்தில் முடித்து அளக்கிறது. ஒரு துறையின் அளவை இன்னொரு துறையின் கணக்கில் போட்டால், விவசாயிக்குத்தான் நட்டம்.

மழை: நீளத்தில் சொல்லும் கொள்ளளவு

"நேற்று 25 மில்லிமீட்டர் மழை" என்று செய்தியில் கேட்கிறோம். தண்ணீரை லிட்டரில் அளப்பதுதானே வழக்கம்? வானிலைத் துறை ஏன் அதை ஸ்கேலில் அளக்கிறது?

பெய்த மழை ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதே அந்த 25 மி.மீ. இதில் ஒரு வசதி உண்டு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் சரியாக 1 லிட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மி.மீ. மழை பெய்தால் உங்கள் ஏக்கருக்கு ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது. பயிர் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீரைச் செலவு செய்கிறது என்று வேளாண் அலுவலர் சொன்னால், அது ஏக்கருக்கு 20 ஆயிரம் லிட்டருக்குச் சற்று அதிகம். வரவும் செலவும் ஒரே அலகில் இருப்பதால் கழித்துப் பார்ப்பது எளிது. 25 மி.மீ. மழை முழுவதும் மண்ணில் தங்கினால், அந்தப் பயிருக்கு 5 நாள் பாசனம் மிச்சம்.

வீட்டிலேயே மழை அளக்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். பாத்திரத்தின் பக்கம் நேராக இருக்க வேண்டும். வாய் அகலம் எவ்வளவாக இருந்தாலும் பரவாயில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக இருந்தால் போதும். நாம் புழங்கும் பிளாஸ்டிக் வாளி அடியில் குறுகி, மேலே விரிந்திருக்கும். அதில் ஸ்கேலை வைத்தால் பெய்ததைவிட அதிகமாகக் காட்டும். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காதீர்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது. நீங்களும் அதே நேரத்தில் எடுத்தால் அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம். ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அவர்கள் அதை மழை நாளாகக் கணக்கிடுகிறார்கள். 64.5 மி.மீ. தொட்டால் 'கன மழை'.

மண்: கடிகாரத்தால் அளக்கும் நீளம்

மழை மண்ணில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது மண் துகளின் அளவைப் பொறுத்தது. 0.002 மி.மீ.க்குக் குறைவான விட்டம் கொண்டது களி. அதற்கு மேல் வண்டல், அதற்கும் மேல் 2 மி.மீ. வரை மணல். 2 மி.மீ.யைத் தாண்டினால் மண் ஆய்வாளர் அதைச் சலித்து ஒதுக்கிவிடுவார், அது சரளை.

0.002 மி.மீ.யை எந்த ஸ்கேலால் அளப்பது? ஆய்வகத்தில் இதைக் கடிகாரத்தால் அளக்கிறார்கள். மண்ணை நீரில் கலக்கி நிறுத்தினால் பெரிய துகள் முதலில் இறங்கும், சிறியது பின்னால் வரும். இறங்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற விதியை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851-இல் தந்தார். அதன்படி 0.02 மி.மீ. துகள் 10 செ.மீ. இறங்க 4 முதல் 5 நிமிடம் ஆகும். பத்தில் ஒரு பங்கு சிறிய 0.002 மி.மீ. துகளுக்கோ ஏறத்தாழ 8 மணி நேரம் வேண்டும். இந்தக் கணக்கு துகளை உருண்டை என்று வைத்துப் போட்டது. உண்மையில் களித்துகள் தகடு போல இருக்கும். ஆகவே மண் ஆய்வில் வரும் விட்டம், அந்தத் துகள் உருண்டையாக இருந்திருந்தால் எவ்வளவு இருக்கும் என்பதற்கான கணக்கு.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். கட்டி உடைத்துச் சலித்த மண்ணை நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது பெரும்பாலும் மணல். அடுத்த சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாக நிற்பது களி. படிந்த ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்தால் உங்கள் மண்ணின் ஏறத்தாழச் சேர்க்கை கிடைத்துவிடும்.

விரிவாக்கப் பணியாளர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பன்னாட்டு முறையில் வண்டலின் மேல் எல்லை 0.02 மி.மீ.; அமெரிக்க வேளாண் துறையின் முறையில் 0.05 மி.மீ. நடுவில் உள்ள 0.03 மி.மீ. துகள் ஒன்றில் மணல், மற்றொன்றில் வண்டல். இரண்டு அறிக்கைகள் ஒரே வயலுக்கு வேறு வேறு மணல் விழுக்காடு காட்டினால், ஆய்வகத்தைக் குறை சொல்லும் முன் எந்த முறை என்று பாருங்கள்.

வேர்: ஆழம் வேறு, நீளம் வேறு

"இந்தப் பயிரின் வேர் ஒன்றரை அடி போகும்" என்கிறோம். அது வேரின் ஆழம். வேரின் நீளம் என்பது வேறு கணக்கு.

அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்ட் டிட்மர் 1937-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் புரிய வைக்கும். ரை என்பது கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுத் தானியம். ஓரடி அகலமும் ஓரடி நீளமும் 22 அங்குல ஆழமும் உள்ள பெட்டியில் ஒரே ஒரு ரை செடியை நான்கு மாதம் வளர்த்தார். பிறகு மண்ணைக் கழுவி, வேர்களை வகைவாரியாக எண்ணி அளந்து கணக்கிட்டார். எல்லா வேர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 620 கி.மீ.க்கு மேல் வந்தது. ஏறத்தாழச் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் தூரம். வேர்த்தூவிகளைத் தனியாகக் கணக்கிட்டால் 10 ஆயிரம் கி.மீ.க்கும் அதிகம். ஆழமோ இரண்டடி கூட இல்லை.

எவ்வளவு கீழே இருக்கும் தண்ணீரைப் பயிர் எட்டும் என்பதை ஆழம் சொல்லும். எத்தனை மண் துகள்களை வேர் தொடுகிறது என்பதை நீளம் சொல்லும். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேர் அதைத் தேடிப் போக வேண்டும். ஆகவே அங்கே ஆழத்தைவிட மொத்த நீளம் முக்கியம். 'வாம்' என்னும் வேர் உட்பூசணத்தின் பயனும் இதுதான். வேர் தொட முடியாத இடுக்குகளுக்கு அதன் இழைகள் போய் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. வேரின் நீளத்தைக் கூட்டியது போலாகிறது.

இத்தனை வேரையும் இன்று யாரும் ஒவ்வொன்றாக அளப்பதில்லை. 1966-இல் நியூமன் என்ற ஆய்வாளர் ஓர் எளிய வழி சொன்னார். 1975-இல் டெனன்ட் அதை இன்னும் எளிதாக்கினார். கழுவிய வேரைத் துண்டாக்கி, 1 செ.மீ. கட்டம் போட்ட தாளின் மேல் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். குறுக்குக் கோட்டையும் நெடுக்குக் கோட்டையும் வேர் எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். அதை 11-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் வேரின் நீளம் செ.மீ.யில் வந்துவிடும். 140 வெட்டுகள் என்றால் 110 செ.மீ. உரம் இட்ட பாத்தியிலும் இடாத பாத்தியிலும் ஒரே அளவு மண்ணை எடுத்துக் கழுவி ஒப்பிட, பண்ணைப் பள்ளிக்கு இதைவிட மலிவான செய்முறை கிடையாது.

நிலம்: சரிவும் சதுரமும்

நில அளவையின் நீளம் இன்னொரு வகை. ஆங்கிலேயக் கணிதர் எட்மண்ட் கண்டர் 1620-இல் வடிவமைத்த சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணிகள். நில அளவையர் வாயில் அது 'லிங்க்ஸ்'. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஓர் ஏக்கருக்கு 1 லட்சம் சதுர லிங்க்ஸ். ஒரு சென்டுக்கு ஆயிரம். பழைய வரைபடத்தில் ஒரு வரப்புக்கு 100 என்று எழுதியிருந்து, அதை மீட்டர் என்று படித்துவிட்டால் வம்பு வரும். 100 லிங்க்ஸ் என்பது 20.12 மீட்டர்தான். எல்லைத் தகராறு என்று கிளம்பும் முன் வரைபடத்தின் அலகைப் பாருங்கள்.

அளக்கும் கருவியே நீளம் மாறக்கூடியது. 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவை அங்கேதான் தொடங்கியது. சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்து அளந்தார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் சங்கிலி மூன்றரை மி.மீ. அளவுக்கு நீளும். 12 கி.மீ.க்குக் கூட்டினால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போகும். நம் நைலான் நடவுக் கயிறு இழுத்த இழுப்புக்கு நீளும். முடிச்சுப் போட்ட கயிற்றை ஆண்டுக்கொரு முறையாவது டேப்பில் சரிபாருங்கள்.

மலைச்சரிவில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. பட்டாவில் உள்ள பரப்பு, நிலத்தை மேலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் தெரியும் பரப்பு. 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏறும் சரிவில், வரைபடத்தில் 100 மீட்டராக இருப்பது தரையோடு அளந்தால் 104.4 மீட்டர். வேலிக் கம்பியும் குழாயும் தரையோடு போவதால் அதற்கேற்பக் கூடுதலாக வாங்க வேண்டும். மரக்கன்றுக்குக் குழி குறிக்கும்போது டேப்பைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும்.

நடவிலோ சிறு நீளப் பிழை சதுரமாகப் பெருகும். ஒற்றை நாற்று நடவுக்கு 25-க்கு 25 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 16 குத்து. ஏக்கருக்கு ஏறத்தாழ 65 ஆயிரம். கயிற்றில் முடிச்சு தவறி 20 செ.மீ. ஆகிவிட்டால் சதுர மீட்டருக்கு 25 குத்து. ஏக்கருக்கு 1 லட்சத்தைத் தாண்டும். இடைவெளியில் குறைந்தது ஐந்தே சென்டிமீட்டர். நாற்றிலும் நடவு ஆளிலும் கூடியது ஒன்றரை மடங்குக்கு மேல். சாண் கணக்கில் நடுபவர்கள் யாருடைய சாண் என்பதையும் பார்க்க வேண்டும்.

சந்தை: நெல்லிலும் பருத்தியிலும்

விளைந்தது சந்தைக்குப் போகும்போது நீளம் பணமாக மாறுகிறது. நெல்லின் ரகத்தைத் தீர்மானிக்க உமியோடு அளப்பதில்லை, அரிசியை அளக்கிறார்கள். நம் நாட்டு வகைப்பாட்டில் 6 மி.மீ. முதல் நீள அரிசி. நீளத்தை அகலத்தால் வகுத்தால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் சன்னம். 6 மி.மீ.க்குக் குறைவாக இருந்து விகிதம் 2.5-க்கும் 3-க்கும் இடையே இருந்தால் மத்திய சன்னம்; பி.பி.டி. 5204 இந்த வகைதான். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமோ தவிடு நீக்காத அரிசியை அளக்கிறது, அங்கே 6.61 மி.மீ. முதல்தான் 'நீளம்'. இங்கே நீளம் என்று பெயர் வாங்கிய அரிசி அங்கே நடுத்தரத்தில் நிற்கலாம். ஏற்றுமதி பற்றிப் பேசுபவரிடம் எந்த வகைப்பாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பருத்தியில் இது இன்னும் நுட்பம். 25 முதல் 27 மி.மீ. வரை நடுத்தர நீள இழை, 27.5 முதல் 32 வரை நீள இழை; 32.5-க்கு மேல் மிக நீள இழை. கோவையில் உருவாகி 1974-இல் வெளியான சுவின் இந்தக் கடைசி வகை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் நடுத்தர இழைக்கு ஒன்று, நீள இழைக்கு ஒன்று என்றே அறிவிக்கப்படுகிறது. ஆனால் ஒரு பிடிப் பஞ்சில் உள்ள எல்லா இழையும் ஒரே நீளம் இல்லை. இன்றைய கருவி '29 மி.மீ.' என்று சொன்னால், அது நீளமான பாதி இழைகளின் சராசரி. சீர்மை 82 விழுக்காடு என்று அதே சீட்டில் இருந்தால், மொத்த இழைகளின் சராசரி 24 மி.மீ. சுமார்தான். ஆகவே நீளத்தை மட்டும் பார்க்காமல் சீர்மையையும் பாருங்கள். ரகங்களைக் கலந்து கட்டினாலும், முற்றாத காயின் பஞ்சைச் சேர்த்தாலும் சீர்மை குறையும். எடுப்பை ரகவாரியாகப் பிரித்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மூன்று கேள்விகள்

இனி யார் எந்த நீளத்தைச் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, எங்கிருந்து எது வரை? தரையிலிருந்தா, தண்ணீர் மட்டத்திலிருந்தா? உமியோடா, அரிசியா? வேரின் ஆழமா, மொத்த நீளமா?

இரண்டாவது, எந்த அலகு? அடியா, மீட்டரா, லிங்க்ஸா? ஒரு மீட்டர் 3.28 அடி. இதை மறந்தால் எல்லாக் கணக்கும் மும்மடங்கு தவறும்.

மூன்றாவது, எதை வைத்து அளந்தது? டேப்பா, கயிறா, சாணா, கருவியா? எந்தத் துறையின் முறை?

விரிவாக்கப் பணியாளர்கள் தங்கள் குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இந்த மூன்றையும் எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதை நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

நாளைக்கே யாராவது "போர் எத்தனை அடி?" என்று கேட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "துளைத்தது முந்நூறு. கோடையில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் நூற்றெண்பதில் நிற்கும்." பம்பு விற்பவருக்கு அந்த இரண்டாவது எண்தான் தேவை.